பழம் நம்முடையது, காசு யாருடையது?
ஆப்பிள் சைடர் தோட்டங்கள் சொல்லும் சேதி



ஊராட்சிக் கூட்டமைப்புக் கூட்டம் ஒன்றில் ஒரு அக்கா ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து காட்டினார். "ஆப்பிள் சைடர் வினிகர்" என்று எழுதியிருந்தது. மகன் டவுனில் வாங்கிக் கொடுத்தானாம். "வினிகர்னா காடின்னு தெரியும். நடுவுல சைடர்னு போட்டிருக்கே, அது என்னாங்க? மருந்தா, சாராயமா?" என்று கேட்டார். ஆளுக்கு ஒரு பதில் சொன்னார்கள்.

அந்தக் கேள்விக்கு இந்த இதழில் விரிவாகப் பதில் சொல்கிறோம். ஏனென்றால் சைடரின் கதையில் நமக்குப் பழக்கமான விஷயங்கள் நிறைய இருக்கின்றன. வியாபாரி கழித்துப் போட்ட பழத்தை என்ன செய்வது? தோட்டத்து வாசலிலேயே விற்றால் கட்டுமா? குடியால் அழிந்த குடும்பங்கள், அதை எதிர்த்த பெண்கள், சம்பாதித்த காசு யார் கைக்குப் போகிறது என்ற வழக்கு, எல்லாமே இதில் வருகிறது.

எந்த ஊர்?

நியூயார்க் என்றால் வானத்தைத் தொடும் கட்டடங்கள்தான் நமக்கு ஞாபகம் வரும். நியூயார்க் என்பது ஒரு மாநிலத்தின் பெயரும்கூட. அந்த மாநிலத்தில் பெரும்பகுதி கிராமப்புறம்தான். மாட்டுப் பண்ணை, சோளக்காடு, திராட்சைத் தோட்டம், ஆப்பிள் தோட்டம் என்று பரந்து கிடக்கிறது. அமெரிக்காவில் ஆப்பிள் விளைச்சலில் முதலிடம் வாஷிங்டன் மாநிலத்துக்கு, இரண்டாமிடம் நியூயார்க்குக்கு.

நியூயார்க் நகரத்திலிருந்து காரில் நான்கைந்து மணி நேரம் போனால் 'விரல் ஏரிகள்' என்று ஒரு பகுதி வரும. கைவிரல்களை நீட்டி வைத்ததுபோல 11 ஏரிகள் நீளநீளமாகக் கிடப்பதால் அந்தப் பெயர். கயூகா ஏரி 60 கிலோமீட்டருக்கு மேல் நீளம். பக்கத்திலுள்ள செனகா ஏரி 180 மீட்டருக்கு மேல் ஆழம். ஏரித் தண்ணீர் குளிரையும் வெயிலையும் மட்டுப்படுத்துவதால் கரையோரச் சரிவுகளில் பழமரங்கள் நன்றாக வரும்.

கோடை விடுமுறையிலும், ஆப்பிள் பழுக்கும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலும் நகரத்துக் குடும்பங்கள் இங்கே கூடாரம் போட்டுத் தங்க வருவார்கள். இதை 'கேம்பிங்' என்கிறார்கள். நாம் குலதெய்வக் கோயிலுக்கு வண்டி கட்டிப் போய், மரத்தடியில் அடுப்பு மூட்டி, பொங்கித் தின்று, ராத்தங்கி வருவோம் இல்லீங்களா? கிட்டத்தட்ட அதுமாதிரிதான், சாமி மட்டும் இல்லை. மாநில அரசின் பூங்காக்களில் கூடாரம் போட இடம் வாடகைக்குக் கிடைக்கும். தண்ணீர்க் குழாய், கழிப்பறை, நெருப்பு மூட்ட இரும்பு வளையம் எல்லாம் இருக்கும். கயூகா ஏரிக்கரையில் 65 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஓர் அருவியையொட்டி இப்படி ஒரு பூங்கா இருக்கிறது.

இந்தக் குடும்பங்களுக்கு முதலில் வேண்டியது விறகு. மரத்தை அரிக்கும் பூச்சி ஊர்விட்டு ஊர் பரவக்கூடாது என்பதற்காக, பதப்படுத்தாத விறகை 80 கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோகக் கூடாது என்று அந்த மாநிலத்தில் விதி இருக்கிறது. அதனால் வீட்டிலிருந்து விறகு எடுத்துவர முடியாது, வந்த ஊரில்தான் வாங்க வேண்டும். சாலையோர வீடுகளில் விறகைக் கட்டுக்கட்டாக அடுக்கி, பக்கத்தில் ஓர் உண்டியல் வைத்திருப்பார்கள். ஆள் இருக்காது. காசைப் போட்டுவிட்டுக் கட்டை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

விறகு தேடிப் போகும் வழியில் அடுத்த பலகை கண்ணில் படும். 'ஆப்பிள். நீங்களே பறிக்கலாம்.' இன்னும் கொஞ்ச தூரத்தில் 'சைடர், உள்ளே வாங்க' என்று இன்னொன்று. ஊருக்குப் புதிதாக வந்த குடும்பம் இப்படித்தான் ஒரு சைடர் தோட்டத்தைக் கண்டுபிடிக்கிறது. அந்தப் பலகையைத் தவிர அங்கே பெரிய விளம்பரம் எதுவும் இருப்பதில்லை.

உள்ளே என்ன இருக்கும்?

பெரும்பாலும் பழைய மாட்டுக்கொட்டகை அல்லது களஞ்சியத்தைச் சீர்செய்து ஒரு கூடமாக்கியிருப்பார்கள். சுவரில் வரிசையாகக் குழாய்கள். குழாயைத் திறந்தால் பீப்பாயிலிருந்து சைடர் வரும். 'டேப்' என்றால் குழாய், அதனால்தான் அந்தக் கூடத்துக்கு 'டேப்ரூம்' என்று பெயர். சின்னச் சின்னக் கண்ணாடித் தம்ளர்களில் நாலு வகையை ஒரு மரப்பலகையில் வைத்துக் கொடுப்பார்கள். ருசி பார்த்துவிட்டுப் பிடித்ததை வாங்கலாம். 21 வயது ஆகாதவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். வயதுக்குச் சான்று கேட்பார்கள்.

குழந்தைகளுக்கும் குடிக்காதவர்களுக்கும் புளிக்காத ஆப்பிள் சாறு உண்டு. சாறு ஊற்றிப் பிசைந்து எண்ணெயில் பொரித்த வளையப் பணியாரம், ஆப்பிளை மணிக்கணக்கில் கிண்டிச் செய்த களிம்பு மாதிரியான ஜாம், தேன், பாலாடைக்கட்டி எல்லாம் இருக்கும். ஒரு குடும்பம் ஒரே வாசலில் ஐந்தாறு பொருள் வாங்கிக்கொண்டு போகும்.

சைடர் என்றால் என்ன?

இப்போது அந்த அக்காவின் கேள்விக்கு வருவோம். பதநீரை நினைத்துக்கொள்ளுங்கள், எளிதில் புரியும். கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கினால் பதநீர். சுண்ணாம்பு இல்லாவிட்டால் அதே சாறு புளித்துக் கள்ளாகிவிடும். இனிப்புள்ள எந்தச் சாறும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று சாராயமாக்கிவிடும்.

ஆப்பிள் சாறும் இப்படி மூன்று நிலைகளில் போகிறது.

முதல் நிலை, பிழிந்த சாறு. வடிகட்டாமல் கலங்கலாகப் பழுப்பு நிறத்தில் இருக்கும். அமெரிக்காவில் வெறுமனே 'சைடர்' என்று சொன்னால் பெரும்பாலும் இதைத்தான் குறிக்கும். இதில் போதை கிடையாது.

இரண்டாம் நிலை, புளித்த சாறு. இதை அங்கே 'ஹார்டு சைடர்' என்பார்கள். சாராயச் சத்து பெரும்பாலும் 5 முதல் 8 சதவீதம் வரை இருக்கும். இது மதுதான். பழத்தில் செய்தது என்பதால் மது இல்லை என்று ஆகிவிடாது. இங்கிலாந்தில் 'சைடர்' என்று மட்டும் சொன்னாலே இந்த மதுவைத்தான் குறிக்கும்.

மூன்றாம் நிலை, புளித்த சாற்றைக் காற்றுப்பட வைத்தால் வேறொரு நுண்ணுயிர் வந்து சாராயத்தைப் புளிக்காடியாக மாற்றும். அந்த அக்கா கொண்டுவந்த பாட்டிலில் இருந்தது இதுதான். அதில் போதை இல்லை. ஊறுகாய்க்கும் சமையலுக்கும் ஆகும். ஆனால் அதைக் குடித்தால் சர்க்கரை வியாதி குணமாகும் என்று யாராவது சொன்னால் நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீங்க. தண்ணீர் கலக்காமல் குடித்தால் பல்லின் மேற்பூச்சு அரிக்கும், தொண்டை புண்ணாகும்.

எப்படிச் செய்கிறார்கள்?

பறித்த பழத்தைக் கழுவி, அழுகலை நீக்கி, தோலோடும் கொட்டையோடும் துருவி அரைக்கிறார்கள். அந்தக் கூழைத் துணியில் பொதிந்து பலகைகளுக்கு நடுவே அடுக்கி, மேலிருந்து அழுத்தினால் சாறு வழியும். செக்கில் எண்ணெய் எடுப்பதுபோல இதுவும் பிழியும் வேலைதான். 19 கிலோ எடையுள்ள ஒரு கூடைப் பழத்தில் ஏறக்குறைய 11 லிட்டர் சாறு வரும். அப்படியானால் 100 கிலோவுக்கு 60 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 750 மில்லி பாட்டிலில் நிரப்பினால் 75 பாட்டிலுக்குக் குறையாது. மிஞ்சும் சக்கை மாட்டுக்குத் தீவனம், அல்லது உரக்குழிக்கு.

மது வகைக்குச் சாற்றைத் தொட்டியில் ஊற்றி வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் குளுமையான இடத்தில் வைப்பார்கள். அக்டோபரில் பிழிந்தது அடுத்த வருடம்தான் பாட்டிலுக்கு வரும். அதுவரை போட்ட முதல் முடங்கிக் கிடக்கும். புளிக்காத சாறும் ஜாமும் அப்படியல்ல, பிழிந்த வாரமே காசாகும்.

சைடருக்கென்றே சில ஆப்பிள் ரகங்கள் உண்டு. கடித்தால் காய்ந்த நெல்லிக்காய் மாதிரி துவர்க்கும், அப்படியே தின்ன முடியாது. சாறாக்கினால்தான் அதன் குணம் தெரியும். இன்னொரு விஷயம், ஆப்பிள் விதையை ஊன்றினால் தாய்மரத்துப் பழம் வராது, வேறு மாதிரி வரும். ஒட்டுமாங்கன்றுக்கு ஒட்டுக்கட்டுவதைப்போல இதற்கும் ஒட்டுக்கட்ட வேண்டும். விதையிலிருந்து தானாக முளைத்து, வேலியோரத்திலும் கைவிட்ட பழைய தோட்டங்களிலும் நிற்கும் காட்டு ஆப்பிள்களையும் விரல் ஏரிப் பகுதியில் சிலர் தேடித் தேடிப் பறித்துச் சைடர் செய்கிறார்கள். யாரும் சீண்டாமல் கிடந்த பழத்துக்கு இப்படி ஒரு விலை வந்தது.

ஏன் இதில் இறங்கினார்கள்?

கடைக்குப் போகும் ஆப்பிள் ஒரே அளவில், நல்ல நிறத்தில், தழும்பில்லாமல் இருக்க வேண்டும். ஆலங்கட்டி மழை ஒருமுறை அடித்தால் போதும், பழம் முழுக்கத் தழும்பு. ருசியில் குறைவில்லை, ஆனாலும் வியாபாரி கழித்துவிடுவார். கழித்த பழம் சாறு ஆலைக்குப் போகும், அங்கே நல்ல பழத்தின் விலையில் ஒரு சிறு பங்குதான் கிடைக்கும். நம்ம ஊர்த் தக்காளியும் மாம்பழமும் படும் பாடு இதேதான்.

பனியாலும் அடி விழும். 2012 மார்ச்சில் காலத்துக்கு முன்பே வெயில் வந்து மரங்கள் பூத்துவிட்டன. ஏப்ரலில் உறைபனி விழுந்து பூ கருகிவிட்டது. அந்த வருடம் நியூயார்க்கில் ஆப்பிள் விளைச்சல் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மிச்சிகன் மாநிலத்தில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சியது. விளைச்சல் குறைந்த வருடத்தில் கிடைத்த ஒவ்வொரு பழத்துக்கும் நல்ல விலை கிடைத்தால்தான் விவசாயி நிற்க முடியும்.

தோட்டத்திலேயே பிழிந்து விற்க அவர்களுக்கு ஆசை மட்டும் இருந்து போதவில்லை, சட்டமும் மாற வேண்டியிருந்தது. முதலில் திராட்சை விவசாயிகளுக்கு அந்த வழி திறந்தது. பெரிய ஆலைகள் திராட்சை வாங்குவதைக் குறைத்ததால் அவர்கள் தவித்துக்கொண்டிருந்தார்கள். 1976-ல் மாநில அரசு ஒரு சட்டம் கொண்டுவந்து, சிறு விவசாயிகள் தங்கள் திராட்சையில் மது செய்து நேரடியாக மக்களுக்கு விற்கலாம் என்றது. அப்போது அந்த மாநிலத்தில் திராட்சை மது ஆலைகள் 20-க்கும் குறைவு. இன்று நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. 1983-ல் கயூகா ஏரிக்கரைத் தோட்டக்காரர்கள் சிலர் கூடி, எல்லாத் தோட்டங்களையும் ஒரே பாதையாக இணைத்து விளம்பரப்படுத்தினார்கள். ஒரு தோட்டத்துக்கு வந்தவர் பக்கத்துத் தோட்டத்துக்கும் போவார். போட்டி போட்டவர்கள் கூட்டாகப் பிழைத்தார்கள்.

ஆப்பிளுக்கு 2013-ல் தனிச் சட்டம் வந்தது, 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 'பண்ணை சைடர்' லைசென்ஸ் வாங்குபவர் அந்த மாநிலத்தில் விளைந்த ஆப்பிளை மட்டும்தான் பயன்படுத்த வேண்டும். அப்படிச் செய்தால் தோட்டத்திலேயே ருசி பார்க்கக் கொடுக்கலாம், தம்ளரிலும் பாட்டிலிலும் விற்கலாம். வெளியூர்ப் பழத்தை மலிவாக வாங்கி வந்து விற்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. நன்மை உள்ளூர் விவசாயியைவிட்டு வெளியே போகாதபடி சட்டத்திலேயே வேலி போட்டுவிட்டார்கள்.

அரசாங்க ஆராய்ச்சியும் துணைக்கு இருந்தது. அந்தப் பகுதியிலுள்ள ஜெனீவா என்ற ஊரில் 1880-களிலிருந்து வேளாண் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. இப்போது அது கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. நம்ம வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்பதுபோல, எந்த ரகம் நடலாம், சாறு ஏன் கெட்டது என்றெல்லாம் அங்கே விவசாயிகள் போய்க் கேட்பார்கள்.

சுத்தம் தவறினால் என்னாகும்?

இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். ஜூஸ், ஸ்குவாஷ், ஊறுகாய் செய்யும் குழுக்கள் கூட்டத்தில் வாசித்துக் காட்டுவது நல்லது.

ஆப்பிள் புளிப்பான பழம், அதில் கிருமி வாழாது என்று நெடுநாள் நம்பியிருந்தார்கள். 1996-ல் அமெரிக்காவில், சூடுபடுத்தாத ஆப்பிள் சாறு குடித்து 60-க்கும் மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள், ஒரு குழந்தை இறந்தது. ஈ.கோலை என்ற கிருமிதான் காரணம். இது மாட்டுச் சாணத்திலும் மான் புழுக்கையிலும் இருக்கும். மரத்தடியில் விழுந்து கிடக்கும் பழத்தில் ஒட்டிக்கொண்டு சாற்றுக்குள் போகும். 2004-ல் நியூயார்க் மாநிலத்திலேயே, ஒரு தோட்டத்தில் பிழிந்த சைடரைக் குடித்து 200-க்கும் மேற்பட்டோர் வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள்.

அதன்பிறகு, 2006 முதல் அந்த மாநிலத்தில் விற்கும் ஆப்பிள் சாற்றைச் சூடுபடுத்தியோ, புற ஊதாக் கதிர் செலுத்தியோ கிருமி நீக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. கதிர் செலுத்தும் முறையில் சாற்றின் பச்சை ருசி மாறுவதில்லை. சிறு தோட்டக்காரர்களுக்கு ஏற்ற இயந்திரத்தைச் சரிபார்த்துக் கொடுத்ததில் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் பங்கு உண்டு.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை:

• தரையில் விழுந்த பழத்தைச் சாறு பிழியச் சேர்க்கக் கூடாது. மரத்திலிருந்து பறித்ததை மட்டும் சேர்க்க வேண்டும்.
• ஆடு மாடு கட்டும் இடத்துக்குப் பக்கத்தில் பழத்தைக் கொட்டி வைக்கக் கூடாது.
• குடிக்கத் தகுந்த தண்ணீரில்தான் பழத்தைக் கழுவ வேண்டும்.
• வயிற்றுப்போக்கு உள்ளவர் அன்றைக்கு உணவு வேலையில் கை வைக்கக் கூடாது. கூலி போகுமே என்று மறைக்காமலிருக்க, அவருக்கு வேறு வேலை கொடுங்கள்.
• புளிப்பாக இருக்கிறது, கிருமி வராது என்று நினைக்காதீங்க.

அதே மண்ணில் குடியை எதிர்த்த பெண்கள்

குடியால் நாம் பட்ட பாடு நமக்குத் தெரியும். மது விற்கும் தோட்டத்தைப் பற்றி நம் இதழில் எழுதலாமா என்றுகூடச் சிலர் நினைக்கலாம். அதனால்தான் அந்த ஊரின் இன்னொரு கதையையும் சொல்கிறோம்.

செனகா ஏரிக்கும் கயூகா ஏரிக்கும் வடக்கு முனையில் செனகா ஃபால்ஸ் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. 1848 ஜூலை 19, 20 தேதிகளில் அங்கே பெண்ணுரிமைக்காக ஒரு மாநாடு நடந்தது. ஏறக்குறைய 300 பேர் வந்தார்கள். பெண்ணுக்கும் ஓட்டுரிமை வேண்டும், சொத்துரிமை வேண்டும் என்ற அறிக்கையில் 68 பெண்களும் 32 ஆண்களும் கையெழுத்துப் போட்டார்கள். எலிசபெத் கேடி ஸ்டாண்டன் என்ற அந்த ஊர்ப் பெண்மணி முன்னின்று நடத்தினார்.

அந்தக் காலத்தில் அங்கே சட்டம் எப்படி இருந்தது தெரியுமா? கல்யாணமான பெண் கூலிக்குப் போய்ச் சம்பாதித்தாலும் அந்தக் காசு கணவனுக்குச் சொந்தம். அவன் குடிகாரனாக இருந்தாலும், முதலாளியிடம் போய் மனைவியின் கூலியை வாங்கிக் குடித்துத் தீர்க்கலாம். கேட்க நாதியில்லை.

1852-ல் குடி எதிர்ப்புக் கூட்டம் ஒன்றில் சூசன் பி. ஆண்டனி என்ற பெண்மணி பேச எழுந்தார். பெண்கள் பேச வரவில்லை, கேட்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று சொல்லி உட்காரவைத்துவிட்டார்கள். அவர் வெளியே வந்து, அதே வருடம் பெண்களுக்கென்றே ஒரு மாநிலக் குடி எதிர்ப்புச் சங்கத்தைத் தொடங்கினார். ஸ்டாண்டன்தான் அதற்குத் தலைவி. குடிகாரக் கணவனைவிட்டு விலகும் உரிமை மனைவிக்கு வேண்டும் என்று அவர் துணிந்து பேசினார். அடுத்த வருடமே அதற்காக அவரைத் தலைமையிலிருந்து இறக்கினார்கள். இருவரும் ஓயவில்லை, மனு எழுதி வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார்கள். 1860-ல் நியூயார்க் மாநிலத்தில் சட்டம் மாறியது. மனைவி சம்பாதித்தது மனைவிக்கே சொந்தமானது.

1920-ல் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு வந்தது. பெண்களுக்கு நாடு முழுவதும் ஓட்டுரிமை கிடைத்ததும் அதே வருடம்தான். ஆனால் கள்ளச்சாராயமும் அடிதடியும் பெருகி, 1933-ல் மதுவிலக்கை எடுத்துவிட்டார்கள். எடுக்கச் சொல்லிப் போராடியவர்களிலும் பெண்கள் இருந்தார்கள். மது பற்றிய சட்டம் போனது, வந்தது. 1860-ல் வாங்கிய 'என் கூலி எனக்கு' என்ற உரிமை மட்டும் போகவில்லை.

நம் குழுவில் சேமிப்புப் புத்தகம் உறுப்பினர் பெயரில் இருப்பதும், கடன் அவர் கையில் கொடுக்கப்படுவதும் இந்த உரிமையோடு சேர்ந்த விஷயம்தான்.

பறிக்கும் கைகள்

சைடர் தோட்டத்து அழகை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான் ஆகும். ஆப்பிள் பறிக்க ஏணி வேண்டும், தோளில் தொங்கும் கூடை வேண்டும், வெளியூர் ஆட்களும் வேண்டும். ஜமைக்காவிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் பருவத்துக்கு மட்டும் ஆட்கள் வருகிறார்கள். தொழிற்சாலை ஆட்களுக்கு இருந்த பல உரிமைகள் விவசாயக் கூலிகளுக்கு நெடுங்காலம் இல்லை. 2019-ல் நியூயார்க் மாநிலம் ஒரு சட்டம் இயற்றி, 2020 முதல் அவர்களுக்குச் சங்கம் சேரும் உரிமையும், வாரத்தில் 60 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் கூடுதல் கூலியும் கொடுத்தது. 2024 முதல் அந்த 60 படிப்படியாகக் குறைகிறது. 2032-ல் 40 மணி நேரமாக வேண்டும் என்பது ஏற்பாடு. செலவு கூடுகிறது என்று தோட்டக்காரர்கள் சொல்கிறார்கள். கூலிக்குப் போகும் நமக்கு இரண்டு பக்கமும் புரியும்.

நமக்கு என்ன?

முதலில் ஓர் எச்சரிக்கை. பழச்சாற்றைப் புளிக்கவைத்து மது செய்வது தமிழ்நாட்டில் 1937-ஆம் வருட மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். வீட்டுக்குத்தானே, கொஞ்சம்தானே என்ற பேச்சுக்கு இடமில்லை. யாராவது 'பழ ஒயின் பயிற்சி' என்று கூப்பிட்டால், குழுவின் பெயரைக் கொடுக்கும் முன் கூட்டமைப்பில் கேளுங்கள்.

ஆனால் அந்தத் தோட்டக்காரர்கள் செய்ததில் மதுவை எடுத்துவிட்டாலும் நமக்குப் பயன்படுவது நிறைய மிஞ்சும். கழிவுப் பழத்தைத் தனியாகப் பிரித்து அதற்கொரு பொருள் கண்டுபிடித்தார்கள். ஒரே பழத்திலிருந்து நாலு பொருள் செய்தார்கள். சாலையில் போகிறவர் கண்ணில் படும்படி பலகை வைத்தார்கள். பக்கத்துத் தோட்டக்காரரோடு சேர்ந்து ஆளை வரவழைத்தார்கள். மாமரமும் கொய்யாவும் நெல்லியும் முந்திரியும் உள்ள நம்ம ஊர்களில் இவற்றில் எது நடக்கும், எது நடக்காது என்று உட்கார்ந்து பேசலாம்.

பேசும்போது தொழிலுக்கு முன் கணக்கு வரட்டும். பழம் எத்தனை கிலோ, சாறு எத்தனை லிட்டர், பாட்டில், மூடி, லேபிள், விறகு, வண்டி வாடகை, உணவுப் பாதுகாப்புப் பதிவு, எல்லாவற்றோடும் நம் உழைப்புக் கூலியையும் சேர்த்து எழுதுங்கள். வீட்டு ஆள்தானே என்று கூலியை விட்டுவிட்டால் லாபம் வருவதுபோலத் தெரியும், உண்மையில் வராது. விற்க நாள் எடுக்கும் பொருளுக்கு வங்கிக் கடன் வாங்கினால், பொருள் விற்காத மாதத்தில் தவணைக்கு என்ன வழி என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

இன்னொன்று. அந்த ஊர் வழியாகக் குடும்பங்கள் கூடாரம் போட வருவதால்தான் அங்கே வாசல் வியாபாரம் கட்டுகிறது. நம்ம ஊர் வழியாக யார் போகிறார்கள்? கோயிலுக்கு நடந்து போகிறவர்கள், அணை பார்க்க வருகிறவர்கள், சந்தைக்கு வருகிறவர்கள். எந்த மாதம், எந்த நாள், எத்தனை வண்டி? ஒரு வாரம் இரண்டு பேர் சாலையோரம் உட்கார்ந்து எண்ணினாலே தெரிந்துவிடும். யாருமே போகாத சாலை என்றால் பலகை வைத்துப் பயனில்லை. அங்கே சந்தைக்கு எடுத்துப்போவதுதான் வழி.

குழுக் கூட்டத்தில் பேச

1. நம் உறுப்பினர்கள் தோட்டத்தில் எந்தப் பழம், எந்த மாதம், எவ்வளவு வீணாகிறது? கூடைக் கணக்கில் சொல்லுங்கள்.
2. வியாபாரி எதைக் கழிக்கிறார்? ருசி கெட்டதையா, தழும்பு உள்ளதையா?
3. நாம் உணவுப்பொருள் செய்யும் இடத்தில் தண்ணீர், கால்நடை, கழிப்பறை எந்தத் தூரத்தில் இருக்கின்றன?
4. சென்ற வருடம் குழுக் கடனில் தொடங்கிய தொழில்களில், வந்த காசு யார் கையில் இருந்தது? செலவை முடிவு செய்தது யார்?

நான்காவது கேள்விக்கு உடனே பதில் வராது, கொஞ்ச நேரம் அமைதியாகத்தான் இருக்கும். அவசரப்படுத்த வேண்டாம், பேச விரும்புகிறவர் பேசட்டும். முடிவு எதுவாக இருந்தாலும் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த மாதம் ஊராட்சிக் கூட்டமைப்புக் கூட்டத்துக்குப் பிரதிநிதிகள் கொண்டுவாருங்கள். எங்கே பயிற்சி கிடைக்கும், பதிவு செய்ய யாரைப் பார்ப்பது என்பதை அங்கே சேர்ந்து விசாரித்துச் சொல்கிறோம்.